சத்தம் போடாத பாட்டு... கல்வராயன் மலை ஏறும் முன் போனில் இருக்க வேண்டிய ஓர் ஆல்பம்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. பிரைவேட் பஸ்ஸின் ஏர்ஹாரன் ஒரு பக்கம், 'சின்னசேலம், ஆத்தூர், சேலம்' என்று இழுக்கும் கண்டக்டர் குரல் ஒரு பக்கம், செல்போன் கடை வாசலில் வைத்த ஸ்பீக்கர் ஒரு பக்கம். போதாததுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஹெட்செட் இல்லாமல் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தச் சத்தத்தை ஜெயிக்க நாம் என்ன செய்கிறோம்? இயர்பட்ஸைச் சொருகி, வால்யூமை இன்னும் ரெண்டு கோடு ஏத்துகிறோம். அவ்வளவுதான்.

இப்படியே பழகிய காதுக்கு ஒரு சின்னப் பிரச்னை உண்டு. மெதுவாகப் பாடும் குரல் வந்தால், 'என்னப்பா, பாட்டு ஆரம்பிக்கவே இல்லையா?' என்று ஸ்கிப் பண்ணத் தோன்றும். பத்து செகண்டுக்குள் பீட் விழவில்லை என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். ஆனால், உலகத்தில் அப்படி மெதுவாகப் பாடுவதையே ஒரு பெரிய கலையாக வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையில் இன்றைக்கு உலக மேடைகளில் பேசப்படும் ஒரு குரல், தமிழ்நாட்டில் வளர்ந்த குரல். அவருடைய ஒரு ஆல்பத்தின் பெயரே தமிழ்தான்: 'நிலம்'.

பாடியவர் கானவ்யா துரைசாமி. 'ஜாஸா? அது நமக்கெல்லாம் புரியாதுங்க' என்று நகர்ந்துவிடாதீர்கள். தாலாட்டு கேட்டுத் தூங்கியவர்கள் யாராக இருந்தாலும் இது புரியும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'கூல் ஜாஸ்' என்றால் என்ன?

1940களில் அமெரிக்காவில் ஜாஸ் என்றால் பீபாப். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் வாசித்ததைக் கேட்டால் தலை சுற்றும். அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு சூடு. நம்ம ஊர்த் திருவிழாவில் ரெண்டு தவில் வித்வான்கள் போட்டி போட்டுக்கொண்டு வாசிப்பார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சூட்டுக்கு நடுவில் சிலருக்கு வேறு ஒரு யோசனை வந்தது. 'கொஞ்சம் குறைத்துப் பார்த்தால் என்ன?' டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவை வைத்து 1949, 1950ஆம் ஆண்டுகளில் சில பாடல்களை ரெக்கார்டிங் செய்தார். கில் எவன்ஸ், ஜெரி மல்லிகன் போன்றவர்கள் இசைக்கோப்பு செய்தார்கள். பளீரென்று அடிக்கும் ஒலிக்குப் பதிலாக, பிரெஞ்சு ஹார்ன், ட்யூபா என்று மெத்தென்ற வாத்தியங்கள். அந்தப் பதிவுகள் 1957இல் 'பர்த் ஆஃப் த கூல்' என்ற பெயரில் ஒரே ஆல்பமாக வந்தன. பெயரும் ஒட்டிக்கொண்டது.

இதே மல்லிகன், 1952இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு படி மேலே போனார். பியானோவே இல்லாத ஒரு நால்வர் குழுவை ஆரம்பித்தார். ஜாஸ் குழுவில் பியானோ என்பது நம் கச்சேரியில் தம்புரா, ஆர்மோனியம் மாதிரி. பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் சாய்ந்துகொள்ள ஒரு சுவர். அந்தச் சுவரையே எடுத்துவிட்டார். மீதம் இருந்த இடைவெளியில்தான் அந்தக் குழுவின் அழகே வந்தது.

இந்த இடத்தில் நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொன்னால் சுலபமாகப் புரியும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிற்பி என்ன செய்கிறார்? மரக்கட்டையில் எதையும் ஒட்டுவதில்லை. வேண்டாததைச் செதுக்கி எடுக்கிறார். எடுக்க எடுக்கத்தான் முகம் தெரிகிறது. கூல் ஜாஸும் அப்படித்தான். எதைச் சேர்க்கலாம் என்பதைவிட, எதை எடுத்துவிட்டால் பாட்டு தெளிவாகும் என்ற கேள்விதான் அதில் முக்கியம்.

ஒரு விஷயம். 'கூல்' என்றால் உணர்ச்சி இல்லாதது என்று அர்த்தம் இல்லை. உணர்ச்சி இருக்கிறது. அதைக் கொட்டிவிடாமல் கையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்தாமல் பாடியவர்கள்

மல்லிகன் குழுவில் டிரம்பெட் வாசித்தவர் செட் பேக்கர். 1954இல் திடீரென்று அவர் பாடி ஓர் ஆல்பம் வந்தது. பெயர் 'செட் பேக்கர் சிங்ஸ்'. குரலில் வைப்ரேட்டோ எனும் அதிர்வு கிட்டத்தட்ட இல்லை. உச்ச ஸ்தாயியில் போய் நின்று கைதட்டல் வாங்கும் வேலையும் இல்லை. டிரம்பெட்டை எப்படி மிருதுவாக வாசித்தாரோ அப்படியே பாடினார். 'இதெல்லாம் ஒரு குரலா?' என்று அப்போது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த ஆல்பம் இல்லாமல் ஜாஸ் பாடகர்கள் பற்றிய பேச்சே இல்லை.

அதே காலத்தில் ஜூன் கிறிஸ்டி 'சம்திங் கூல்' என்ற ஆல்பத்தைக் கொடுத்தார். 1955இல் ஜூலி லண்டன் 'ஜூலி இஸ் ஹெர் நேம்' என்று ஒன்று வெளியிட்டார். அதில் அவர் குரலுக்குத் துணை ரெண்டே பேர்தான். கிடாரில் பார்னி கெஸ்ஸல், பேஸில் ரே லெதர்வுட். வேறு யாருமே இல்லை. ஒரு பெண், ஒரு கிடார், ஒரு பேஸ். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு முழு ஆல்பத்தை நிரப்பிவிட்டார்கள்.

கடல் தாண்டி பிரேசிலிலும் இது போய்ச் சேர்ந்தது. 1950களின் கடைசியில் ஜோவாவ் ஜில்பர்ட்டோ என்பவர் ஏறக்குறைய பேசுவது மாதிரியே பாடினார். அந்தப் பாணிக்கு போஸா நோவா என்று பெயர். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸுடன் அவர் சேர்ந்து செய்த 'கெட்ஸ்/ஜில்பர்ட்டோ' 1964இல் வந்தது. அடுத்த வருடம் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. ஊரெல்லாம் பீட்டில்ஸ் பாட்டுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூல் ஜாஸின் ஆட்கள் நம்ம நாட்டுக்கும் வந்திருக்கிறார்கள். டேவ் புருபெக்கின் நால்வர் குழு 1958இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்த 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' ஆல்பத்தில் கல்கத்தா பெயரில் ஒரு பாட்டே உண்டு.

எல்லாம் மைக் செய்த வேலை

இப்படிப் பாடுவது அதற்கு முன்னால் ஏன் வரவில்லை? வர முடியாது. மைக் இல்லை.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்து நாடக மேடை. மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் பாட்டு கேட்க வேண்டும். அதனால் உச்ச ஸ்தாயி, எட்டுக் கட்டை, ஊரைக் கூட்டும் குரல். அது ஸ்டைல் மட்டும் இல்லை, தேவையும்கூட.

1925 வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் ரெக்கார்டிங் செய்யும் வழக்கம் வந்தது. பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரேயடியாகச் சுருங்கியது. கடைசி வரிசையை நோக்கிக் கத்த வேண்டியதில்லை. ஒரு ஜாண் தள்ளி இருக்கும் மைக்கிடம் ரகசியம் சொல்வது மாதிரி பாடினால் போதும். ஒருசில வகை மைக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வாயை அருகில் கொண்டுபோகப் போக, குரலின் அடிநாதம் கூடிக்கொண்டே வரும். ரேடியோவில் ஆர்.ஜே குரல் அப்படிக் குழைவாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ் சினிமாவில் இந்த மாற்றத்தை உங்கள் தாத்தா, பாட்டி நன்றாக அறிவார்கள். ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்ற ரெண்டு பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறும். 1959இல் வந்த 'கல்யாண பரிசு' படத்துக்கு ஏ.எம்.ராஜாவே இசையமைத்துப் பாடவும் செய்தார். ஜெமினி கணேசனுக்குப் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல்களைக் கேட்டால், காதலி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு மட்டும் கேட்டால் போதும் என்று பாடுவது மாதிரி இருக்கும். ஒரு வரியைக்கூட அழுத்திச் சொல்ல மாட்டார்.

அவர்கள் ஜாஸ் பாடினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால், அமெரிக்காவில் செட் பேக்கர் மைக்கைப் பார்த்துக் கண்டுபிடித்ததை, ஏறக்குறைய அதே வருடங்களில் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், இது நமக்கு அந்நியமான சங்கதி இல்லை.

ஒப்பாரியும் தாலாட்டும்

இன்னும் பின்னால் போனால் மைக்குக்கு முன்னாலேயே நம்மிடம் இது இருந்திருக்கிறது.

நம்ம பக்கத்து ஊர்களில் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் ஒப்பாரி தெருமுனை வரை கேட்கும். கேட்க வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டிய துக்கம் அது. அதே அம்மா, அதே குரலில், தூளியில் கிடக்கும் பிள்ளைக்குப் பாடும்போது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஒப்பாரியில் பாசம் அதிகம், தாலாட்டில் பாசம் குறைவு என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். பாட்டு யாருக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்பதுதான் குரலின் அளவை முடிவு செய்கிறது.

கூல் ஜாஸ் பாடகர்கள் எல்லாரும் தாலாட்டு தூரத்தில் நின்று பாடுபவர்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் போதும், மீதி எல்லாம் காதே பார்த்துக்கொள்ளும்.

சரி, கானவ்யாவிடம் வருவோம்

கானவ்யா நியூயார்க்கில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஹரிகதையும் யாத்திரைப் பாட்டும் கேட்டு வளர்ந்தவர். பிறகு அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரி, யு.சி.எல்.ஏ., ஹார்வர்டு என்று படிக்கப் போனார்.

2018இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'ஐக்கியம்: ஒன்னு'. கவனியுங்கள், 'ஒன்று' இல்லை, 'ஒன்னு'. ஜாஸ் உலகில் எல்லாரும் பாடும் பழைய கிளாசிக் பாடல்களைத் தமிழாக்கிப் பாடிய ஆல்பம் அது. 2021இல் எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கின் 'சாங்ரைட்ஸ் அப்போதிகரி லேப்' வெளியாகி, பிறகு சிறந்த ஜாஸ் குரல் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அதிலும் கானவ்யாவின் குரல் உண்டு.

2024இல் அவருக்கு ரெண்டு ஆல்பங்கள். முதலாவது, லண்டன் ஜாஸ் கலைஞர் ஷபாகாவின் லேபிளில் வந்த 'லைக் த ஸ்கை, ஐவ் பீன் டூ கொயட்'. தலைப்பையே தமிழில் சொன்னால், 'வானத்தைப் போல நானும் ரொம்பத்தான் அமைதியாக இருந்துவிட்டேன்' என்று வரும். இரண்டாவது 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. பல கலைஞர்கள் கூடிப் பாடிய, ஒரு கூட்டு வழிபாடு போன்ற ஆல்பம்.

அந்தப் பெரிய கூட்டத்துக்கு அப்புறம் 2025இல் வந்ததுதான் 'நிலம்'. ஜெர்மன் இசைக்கலைஞர் நில்ஸ் ஃப்ராம் சேர்ந்து நடத்தும் 'லைட்டர்' என்ற லேபிள் வெளியிட்டது. இந்த ஆல்பத்தின் அஸ்திவாரம் மூன்றே மூன்று. கானவ்யாவின் குரல், மேக்ஸ் ரிட்லியின் டபுள் பேஸ், சார்லஸ் ஓவர்டனின் ஹார்ப். ஜூலி லண்டனின் குரல், கிடார், பேஸ் நினைவுக்கு வருகிறதா? 70 வருடம் கழித்து, கிடார் இருந்த இடத்தில் ஹார்ப். பாடும் மொழிகளில் தமிழ்.

பாடல்கள் என்ன? அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒன்று இருக்கிறது. மராத்திய ஞானி ஞானேஸ்வரர் தன் ஞானேஸ்வரியின் முடிவில் உலகத்துக்காகக் கேட்டுக்கொண்ட 'பசாயதான்' எனும் பிரார்த்தனை இருக்கிறது. ஆங்கிலமும் உண்டு.

திருப்புகழ் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சந்தம். துள்ளல். முருகன் கோயிலில் காலையில் ஸ்பீக்கரில் முழங்கும் வேகம். அதையே ஒருத்தர் பேஸின் ஆழத்தையும் ஹார்ப்பின் சொட்டுச் சொட்டான ஒலியையும் துணைக்கு வைத்துக்கொண்டு நிதானமாகப் பாடினால், தெரிந்த வார்த்தைகளே வேறு மாதிரி வந்து விழும். வேகத்தில் நாம் தாண்டிப் போன சொல் எல்லாம் இப்போது நின்று நம்மைப் பார்க்கும்.

இது கூல் ஜாஸா என்று கேட்டால், ரெக்கார்டு கடைக்காரர் இதை அந்த அலமாரியில் வைக்க மாட்டார். இதில் பக்தி இருக்கிறது, கர்நாடக இசையின் கமகம் இருக்கிறது. செட் பேக்கரிடம் அந்த ரெண்டும் கிடையாது. ஆனால் குணத்தில் ரெண்டும் ஒரே குடும்பம். குறைவான வாத்தியம், நிறைய இடைவெளி, மைக்குக்கு மிக அருகில் ஒரு குரல், கைதட்டலுக்காக எதையும் நீட்டாத அடக்கம். கூல் ஜாஸ் போட்ட பாதையில் நடந்து ஒருத்தர் நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த மாதிரி.

கல்வராயனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மெதுவான இசைக்கு முதல் எதிரி, பின்னணிச் சத்தம். டவுனுக்குள் அதைக் கேட்கவே முடியாது என்பது ரசனைப் பிரச்னை இல்லை, அது அறிவியல். பஸ் இன்ஜினின் உறுமல் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது. டபுள் பேஸும் அதே இடத்தில்தான் வசிக்கிறது. ஒரே இடத்துக்கு ரெண்டு பேர் சண்டை போட்டால் சத்தமானவர் ஜெயிப்பார். அதனால் பஸ்ஸில் இந்த ஆல்பத்தைப் போட்டால் பேஸ் காணாமல் போய்விடும். மூன்று பேரில் ஒருத்தர் அவுட். ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று போய் மலை ஏறினால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு நமக்காகக் காத்திருக்கிறது. வெள்ளிமலைப் பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் சாயங்காலம் உட்கார்ந்தால் இன்ஜின் சத்தம் தூரமாகிவிடும். மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளுக்கு வீக்கெண்டில் போகிற நண்பர்கள் கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். அந்தப் பயணத்தில் ஒரு 40 நிமிஷத்தை மட்டும் இதுக்கு ஒதுக்கிப் பாருங்கள்.

அதுக்குச் சில விஷயங்கள்:

டவுனிலேயே டவுன்லோடு: மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். பாட்டு நடுவில் சுத்திக்கொண்டே நின்றால் எந்த மூடும் நிற்காது. ஆஃப்லைனில் சேமித்துக்கொண்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் 'டிங்' ஒன்று போதும், ஒரு அமைதியான பாட்டைக் கொல்ல.

வண்டி ஓட்டும்போது வேண்டாம்: கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் லாரியின் ஹாரன் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும். பைக்கில் இயர்பட்ஸுக்குத் தடா. இறங்கி உட்கார்ந்து கேளுங்கள்.

புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: அருவிக்கரையில் நீங்கள் வைக்கும் பாட்டு பக்கத்துக் குடும்பத்துக்கு இரைச்சல். மலையில் வாழும் மக்களுக்கு அது அவர்கள் வீட்டு வாசல். நாம் விருந்தாளிகள்.

மூன்று முறை, மூன்று விதமாக: முதல் தடவை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ரெண்டாவது தடவை, பாடகி எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள். மூன்றாவது தடவை எதையும் தேடாதீர்கள். அப்போதுதான் பாட்டு உங்களைத் தேடி வரும்.

காது ஒன்றும் இரும்பு இல்லை

'மெதுவா கேட்டா என்ன, சத்தமா கேட்டா என்ன? என் காது, என் இஷ்டம்' என்று தோன்றலாம். ஆனால் இது ரசனையோடு முடிகிற விஷயம் இல்லை.

12 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாதுகாப்பில்லாத முறையில் பாட்டு கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் சொல்லும் கணக்கு எளிமையானது. 80 டெசிபல் அளவில் கேட்டால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பு. 90 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல்தானே கூடியது, நேரம் ஏன் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது? ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. அதனால்தான். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. தலைமுடி மாதிரி டிரான்ஸ்பிளான்டும் கிடையாது.

போனின் வால்யூமை 60 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இப்போது ஒரு டெஸ்ட். அமைதியான இடத்தில், 'நிலம்' ஆல்பத்தை அந்த அளவுக்குள் வைத்து உங்களால் கேட்க முடிகிறதா? முடிந்தால் நல்லது. 'ஒண்ணுமே கேக்கலையே' என்று கை வால்யூம் பட்டனுக்குப் போனால், ஒருவேளை காது சத்தத்துக்குப் பழகிவிட்டிருக்கலாம். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். பாட்டு கேட்டு முடித்த பிறகு காதில் 'ஙொய்' என்ற சத்தம் அடிக்கடி வந்தால் மட்டும் விளையாட்டாக விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

நேராக 'நிலம்' கேட்டால் சிலருக்கு ஒட்டாமல் போகலாம். ஏணி மாதிரி ஏறுங்கள்.

முதல் படி: பி.பி.ஸ்ரீநிவாஸ், ஏ.எம்.ராஜா பாடல்களில் உங்கள் வீட்டில் பிடித்த ஐந்து. படத்தை மறந்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள்.

ரெண்டாவது படி: 1997இல் வந்த 'இருவர்'. ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஆஷா போஸ்லே, ஹரிணி பாடிய பாடல்களில் தமிழ் வார்த்தைகள் ஜாஸுக்குள் எப்படி உட்காருகின்றன என்று பாருங்கள்.

மூன்றாவது படி: 'கெட்ஸ்/ஜில்பர்ட்டோ'. மொழி புரியாமலே பிடித்துப்போகும்.

நான்காவது படி: 'ஜூலி இஸ் ஹெர் நேம்', அதற்குப் பின் 'செட் பேக்கர் சிங்ஸ்'.

கடைசிப் படி: 'நிலம்'. இங்கே வரும்போது குறைந்த சத்தத்தில் காது எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பிடித்திருந்தால், ஸ்ட்ரீமிங்கோடு நிறுத்தாமல் காசு கொடுத்து ஆல்பத்தை வாங்கவும் வழி இருக்கிறது. இந்த மாதிரி ஆல்பங்களுக்கு சினிமா பட்ஜெட்டும் இல்லை, ஹீரோ இன்ட்ரோவும் இல்லை. கேட்பவர்கள்தான் பலம்.

அப்படியே வீட்டில் ஒரு வேலை

மலைக்குப் போக நேரம் இல்லையா? பரவாயில்லை. வீட்டிலேயே ஒரு மெதுவான குரல் இருக்கலாம். அம்மாயி, அப்பத்தா, பெரியம்மா யாராவது உங்களைத் தூளியில் போட்டு ஒரு பாட்டு பாடியிருப்பார்கள். அந்தத் தாலாட்டு எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இல்லை. அதில் மாமன் பெயர், ஊர்ப் பெயர், உங்கள் பெயர்கூட இருக்கலாம். அவர்களோடு சேர்ந்து அதுவும் போய்விடும். பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மைக் வாங்க வேண்டியதில்லை, உங்கள் போனே போதும். முதலில் அவர்களிடம் கேளுங்கள், சம்மதம் முக்கியம். ஃபேனை அணையுங்கள், டி.வியை நிறுத்துங்கள். வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, போனை வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் மூச்சுக்காற்று மைக்கில் அடிக்கும். 'நல்லா சத்தமா பாடுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பாடுவது மாதிரி பாடச் சொல்லுங்கள். பாட்டு முடிந்த பிறகும் பத்து செகண்டு ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் விடுங்கள். அந்த அமைதியும் பாட்டில் சேர்த்திதான்.

ஃபைலுக்கு அவர்கள் பெயரையும் தேதியையும் போட்டு, ரெண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.